காம்போடு போட்ட நாலு பீப்பாய்

எங்கள் சான் ஹோசே வட்டாரத்தில் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "சூப்பரா இருக்கு." உப்பு கரித்தாலும் சூப்பர், புளியோதரை விறைத்துப்போய்க் கிடந்தாலும் சூப்பர். போதாக்குறைக்கு ரெசிபி வேறு கேட்க வேண்டும். கேட்காமல் வந்துவிட்டால் வீட்டுக்காரிக்கு முகம் சுண்டிவிடும், ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக்கொண்டு போகிற அடுத்த பாட்லக்கில் நம் பாத்திரத்தை யாரும் திறக்க மாட்டார்கள். வந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகு நானும் பழகிக்கொண்டேன். இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போகப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். சாந்தாமணிக்குக் கெட்டது.

சாந்தாமணி எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். உடுமலைப்பேட்டைக்காரி, மைக்ரோபயாலஜி படித்தவள். கோபாலசாமியைக் கட்டிக்கொண்டு எச்-4 விசாவில் வந்து இறங்கினாள். அந்த விசாவில் வருகிற பெண்டாட்டிகள் சமைக்கலாம், துவைக்கலாம், கார் ஓட்டலாம். வேலைக்கு மட்டும் போகக் கூடாது. வருஷக்கணக்காக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து குஷன் உறை தைத்தாள். தெருவில் எல்லோர் வீட்டு சோபாவிலும் அவள் தைத்த உறைதான். கிரீன் கார்ட் வந்த மாதமே தையல் மெஷினைத் தூக்கி கராஜில் போட்டுவிட்டு வேலை தேடக் கிளம்பினாள். கிடைத்தது பக்கத்து ஊர் சாரடோகாவுக்கு மேலே, மலையில், திராட்சை போட்டு ஒயின் செய்கிற ஒரு சின்ன ஒயினரியில்.

ஊரில் மாமியாருக்கு "ஜூஸ் கம்பெனி" என்று சொல்லப்பட்டது. எனக்கு உண்மையைச் சொன்னாள். ஒயினை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவதும் வேலையில் ஒரு பாகம் என்றபோது, இதற்கு எதற்கடி மைக்ரோபயாலஜி என்று கேட்டேன். அவள் சிரித்தாள். ஒரு சொட்டு விழுங்க மாட்டாள். ஆனால் அவள் மூக்கு இருக்கிறதே, அது சாதாரண மூக்கு அல்ல. என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, வெங்காயக் கூடையில ஒண்ணு அழுகிருச்சுங்க, பாருங்க" என்பாள். அடியில் கையை விட்டுத் துழாவினால் ஒன்று அழுகித்தான் இருக்கும்.

அந்த மூக்கை அங்கே கண்டுபிடித்தது முதலாளி மார்கரெட். எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்த கிழவி, கறாரானவள். சோதனைக் குழாய் கழுவ வந்தவளைப் பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து சொல்ல வைத்தாள். கடைசியில் ஒரு வருஷம், சரிவில் இருந்த சின்னத் துண்டுத் தோட்டத்துப் பழத்தை அவளிடமே கொடுத்து, "இது உன் ஒயின். என்ன செய்வதென்று நீயே முடிவு செய்" என்றாள். அன்றைக்குச் சாந்தாமணி என் சமையலறைக்கு வந்து நின்ற நிற்பை நான் மறக்க மாட்டேன். பிள்ளை பெற்றபோதுகூட அப்படிப் பூரித்திருக்க மாட்டாள்.

அவள் காம்போடு போட ஆசைப்பட்டாள். எனக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள். சாதாரணமாகத் திராட்சைக் குலையை மெஷினில் விட்டுக் காம்பையெல்லாம் நீக்கிவிட்டுப் பழத்தை மட்டும் நொதிக்கப் போடுவார்களாம். சிலர் குலையை அப்படியே, காம்பும் நரம்புமாகத் தொட்டியில் இறக்குவார்களாம்.

"காம்புல இருந்து துவர்ப்பு எறங்குமுங்க்கா. மிளகு, கிராம்பு மாதிரி ஒரு காரமான வாசம் வரும். கலர் கொஞ்சம் கொறையும், ஆனா ஒயினுக்கு ஒரு எலும்பு கெடைச்ச மாதிரி நிக்கும். ஒடையாத பழம் தனக்குள்ளயே நொதிக்க ஆரம்பிக்கும், அது தனி வாசம்."

"அப்போ எல்லாரும் காம்போடவே போடலாமே?"

"காம்பு முத்தியிருக்கோணுமுங்க. பழுப்பா, சுள்ளியாட்ட. பச்சையா இருந்துச்சுன்னா ஒயின் பூராப் பச்சைக் கசப்பு ஏறிரும். ஏறுச்சுன்னா லேசுல போகாதுங்க. நல்ல காம்பா இருந்தாலுமே ஒயின் மொதல்ல மொறைச்சுக்கிட்டேதான் நிக்கும். பொறுமையா விட்டாத்தான் பேசும்."

முத்தியதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்றேன். பார்த்தால் பாதிதான் தெரியுமாம். நாக்குக்கு எல்லாக் காம்பும் கசக்குமாம்; மென்று, மூக்கு வழியாக மூச்சை விட்டால்தான் முழுசும் தெரியுமாம். அதற்குத்தான் மூக்கு.

அறுவடைக்கு இரண்டு மாதம் இருக்கையில், அந்த ஜூலையில் தெரு முழுக்கக் கோவிட் சுற்றியது. சாந்தாமணிக்கும் வந்தது. லேசான காய்ச்சல், அடங்கிவிட்டது. மாஸ்க்கைக் கழற்றிய பிறகு ஒரு நாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் பெருங்காய டப்பா. மூடியைத் திறந்து மூக்குக்குக் கீழேயே பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாசலிலேயே நெடி அடித்தது.

"அக்கா, இது பெருங்காயந்தானுங்களே?"

உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். காபிப் பொடி, பூண்டு, ஊறுகாய், என் கணவரின் ஷேவிங் லோஷன் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து முகரக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்க்கணும் என்றார். கிராம்பு, எலுமிச்சை எண்ணெய் என்று சின்னச் சின்னப் புட்டிகளை வைத்துக்கொண்டு தினமும் கண்ணை மூடி முகர்ந்து பழகச் சொன்னார். ஜபம் மாதிரி செய்தாள். ஒன்றும் வரவில்லை.

"மார்கரெட் கிட்ட சொல்லித் தொலையேன்டி," என்றேன்.

"என்னன்னு சொல்றதுங்க? மூக்கு இல்லாதவளுக்கு அங்க என்ன வேலை இருக்குது? மறுபடியும் குஷன் தைக்கட்டுமுங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவள் மகள் ரோஷினி, இங்கே பிறந்தவள், சாமிக்குப் பொதுவாகப் பேசுகிற பிள்ளை. "அம்மா, திஸ் மில்க் இஸ் பேட்" என்று பாலை நேராக சிங்க்கில் ஊற்றிவிடுவாள். ஆகஸ்டில் அவள் ஆஸ்டினுக்குக் காலேஜ் போய்விட்டாள். வீட்டில் இருந்த ஒரே நேர்மையான மூக்கு டெக்ஸாசுக்குப் போனது. மிச்சம் இருந்தது கோபாலசாமியின் மூக்கு.

கோபாலசாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா, சோறு பிடிக்கவில்லையென்றால் தட்டைச் சுவரில் அடிக்கிற ஆள். அம்மா சுவரைத் துடைப்பதைப் பார்த்து வளர்ந்த பையன் இவர். தனக்கென்று ஒருத்தி வந்தால் அவள் போடுவதை ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் "நல்லாத்தான் இருக்குது" தவிர வேறு வந்ததில்லை. கருகிய தோசைக்கும் அதுதான். நல்ல மனுஷன். நல்லது தவிர வேறு சொல்லத் தெரியாத மனுஷன். அப்படிப்பட்டவரைத்தான் அவள் தனக்கு மூக்காக வைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அறுவடை. அந்த மாதிரிச் சின்ன இடங்களில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் குலை பொறுக்க வைப்பார்கள். மத்தியானம் சாப்பாடு போடுவார்கள். நானும் போயிருந்தேன். பெட்டி பெட்டியாகக் கருநீலக் குலைகள் வந்தன. காம்பு பாதி பழுப்பு, பாதி பச்சை. கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாத பதம். சாந்தாமணி ஒரு காம்பை ஒடித்து வாயில் போட்டு மென்றாள். முகத்தில் எதுவும் இல்லை. மார்கரெட் தூரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, இன்னொன்றை ஒடித்துக் கோபாலசாமியிடம் கொடுத்தாள்.

"மென்னு பாருங்க. எப்புடி இருக்குது?"

மேசைக்கு அந்தப் பக்கம் இலை பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு, அவருக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது தெரிந்தது. காம்பின் துவர்ப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்குது அம்மணி."

"பச்சை வாசம் வருதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"நெசமாலுமா?"

"நெசமாலுமேதான்."

எல்லாவற்றையும் காம்போடு தொட்டியில் இறக்கினாள். பேன்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே இறங்கி மிதித்தாள். காம்பு காலைக் குத்துகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கோபாலசாமி கையைக் கட்டிக்கொண்டு அவள் சிரிப்பதையே பார்த்தபடி நின்றார். பிறகு ஒவ்வொரு வாரக் கடைசியிலும் அவரை அழைத்துப் போய்த் தொட்டியை முகரச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நல்லாத்தான் இருந்தது. பிழிந்து நாலு பீப்பாயில் அடைத்தார்கள்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு ரோஷினி வந்தாள். அம்மா போட்ட ஒயினைப் பார்க்க வேண்டும் என்றாள். பீப்பாயின் மூடியை எடுத்துக் காட்டியதும் குனிந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். "அம்மா, இட் ஸ்மெல்ஸ் லைக் ரா பீன்ஸ். நீ பண்ற அந்தக் கொத்தவரங்கா மாதிரி. இஸ் இட் சப்போஸ்டு டு?"

கோபாலசாமி தரையைப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து, பிள்ளை மாடிக்குப் போன பிறகு சாந்தாமணி கேட்டிருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அந்தக் காம்பை மென்னப்ப இருந்தே. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே அம்மணி. எனக்கு வாய் வரல."

அவளுக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஜூலையிலிருந்து அவள் மூக்கில்லாமல் சமைத்திருக்கிறாள். ஊசிப்போன தேங்காய்ச் சட்னி, காறல் அடித்த எண்ணெயில் பொரித்த அப்பளம் எல்லாவற்றையும் அந்த மனுஷன் ஒரு சுளிப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் என்னிடம் வந்து அழுதாள். ஒயினுக்காக அழவில்லை. "கீழ கொட்டியிருக்கலாமில்லீங்க்கா? முழுங்கிட்டே இருந்திருக்காரு. இனி அவரு எதைச் சொன்னா நான் நம்பறது?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை. கோபாலசாமி நம்பிக்கையைத் திரும்ப வாங்கப் பார்த்தார். குறை சொல்லப் பழகினார். பாவம், அதையும் அவருக்குச் சரியாகச் செய்ய வரவில்லை. நன்றாக இருக்கிற சாம்பாரில் உப்புக் கூடுதல் என்பார். பதமாக வெந்த பயறு வேகவில்லை என்பார். அவளுக்குப் போனது மூக்குதான், நாக்கு போகவில்லை. உப்பும் புளிப்பும் கசப்பும் நாக்கில் தெரியும். அதனால் இதுவும் பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. புகழ்ச்சியும் செல்லாது, குறையும் செல்லாது என்று ஆகிவிட்டது அவர் வார்த்தை. அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

வசந்த காலத்தில் மார்கரெட் ருசி பார்த்தாள். உதட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, "பச்சை" என்றாள். திட்டவில்லை. காம்பு போட்ட ஒயின் மாறும், சிலது மாறாது, அடுத்த அறுவடைக்குப் பீப்பாய் தேவைப்படும்போது பார்க்கலாம் என்றாள். "அப்போது நீ முகர்ந்து சொல். திருந்தியிருந்தால் வைத்துக்கொள்வோம். இல்லையென்றால் மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிடு, மலிவுக் கலவையில் போகட்டும். இந்த மலையில் உன் மூக்கை நம்புகிற மாதிரி நான் எதையும் நம்புவதில்லை."

சாந்தாமணி அந்தக் கடைசி வரியை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். சொல்லிவிடு என்று மறுபடியும் சொன்னேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வருகிற மாதம் வந்துவிடும், அதற்கடுத்த மாதம் வந்துவிடும் என்று மூக்கைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். மலை மேலே ஒயினும் காத்துக்கொண்டிருந்தது. இரண்டிலும் அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

ஆகஸ்டில் மார்கரெட்டுக்கு இடுப்பில் ஆபரேஷன். மலை ஏற முடியாமல் வீட்டோடு கிடந்தாள். செப்டம்பரில் மொத்த வியாபாரியின் லாரி வருகிற நாள் குறித்தாயிற்று; அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். முதல் நாள் சாயங்காலம் சாந்தாமணி வந்து, "நீங்களும் வாங்க்கா. ரெண்டு மூக்கு இருந்தாத் தேவலை" என்றாள்.

மறுநாள் கோபாலசாமியும் சேர்ந்து மூன்று பேரும் போனோம். அவள் கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு ஒயினை உறிஞ்சி, கிளாசில் விட்டு, முதலில் தானே வாயில் வைத்துச் சுழற்றித் துப்பினாள்.

"பிடி விட்டிருக்குதுங்க. போன வருஷம் ஈறெல்லாம் இழுத்துப் பிடிச்சுது, இப்ப இல்ல. கசப்பும் எறங்கியிருக்குது. வாசம்தான் தெரியோணும்."

கோபாலசாமி கிளாசை வாங்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அம்மணி, இது நல்லாருக்குது."

அவள் கிளாசை வாங்கி என்னிடம் நீட்டினாள். நானும் முகர்ந்தேன். எனக்கு ஒயினைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அப்படி ஒரு வாசனையை நான் அதற்கு முன்பு முகர்ந்ததில்லை. மனசு நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். என் பாழாய்ப்போன வாயிலிருந்து வந்தது இதுதான்:

"சூப்பரா இருக்கு சாந்தா!"

அவள் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. "என்ற கருகுன அல்வாவுக்கே ரெசிபி கேட்டவங்க நீங்க."

"ஐயோ, இல்லடி, இது நிஜமாவே..."

"ஒருக்கா என்னை நம்பு சாந்தா," என்றார் கோபாலசாமி. அவள் ஜாக்கெட் நுனியைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் அவர் அவளைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"எதை வெச்சுங்க நம்பறது? நீங்களே சொல்லுங்க. மாறிருச்சுன்னு நான் மார்கரெட்டுக்குச் சொல்றேன்னு வெச்சுக்கங்க. அவங்க எந்திரிச்சு வந்து முகர்ந்து பார்த்து, பச்சையாவே இருந்துச்சுன்னா? எனக்கு மூக்கு இல்லைன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுரும். அனுப்பிட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

கணக்கு சரிதான். அவள் வெளியே போய் மார்கரெட்டுக்கு போன் பண்ணி, "இட்ஸ் ஸ்டில் கிரீன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

லாரி வந்தது. பின்னால் பெரிய தொட்டி. வேறு வேறு இடங்களில் கழித்துப்போட்ட ஒயின் அதில் ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. டிரைவர் தொப்பி போட்ட தடித்த ஆள், காதில் ஏதோ பாட்டு. குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு பம்பைப் போட்டுவிட்டு, லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஒன்று காலியானது. இரண்டு காலியானது. ஒயின் ஓடத் தொடங்கியதும் அந்தக் கூடம் முழுக்க வாசனை எழும்பியது. நானும் கோபாலசாமியும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. சாந்தாமணி அதைப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

கடைசிப் பீப்பாயும் பாதிக்கு மேல் போன பிறகு டிரைவர் குழாயைச் சரிசெய்ய உள்ளே வந்தான். வாசலில் அப்படியே நின்றான். காதிலிருந்ததை எடுத்தான். நாய் மாதிரி மூக்கைத் தூக்கினான்.

"இது யார் போட்டது?" என்று இங்கிலீஷில் கேட்டான். "நான் இந்த மலை பூராவும் போய் அள்ளுகிறேன். இந்த மாதிரி ஒன்றை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. எதற்கு இதை அனுப்புகிறீர்கள்?"

சாந்தாமணி அவனையே பார்த்தாள். அவன் அவள் வீட்டில் சாப்பிட்டவன் அல்ல. அவளைச் சந்தோஷப்படுத்த அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

"வாட் டு யூ ஸ்மெல்?" என்றாள்.

"ரோஜா. என்ன, உங்களுக்கு வரவில்லையா?"

"ஐ ஹேவ் எ கோல்ட்," என்றாள்.

நிறுத்தட்டுமா என்று அவன் கேட்பதற்குள் பீப்பாய்க்குள் குழாய் காற்றை இழுத்து உறுமியது. அவன் பம்பை அணைத்தான். உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது. பத்து இடத்து ஒயினோடு கலந்தாயிற்று. தோளைக் குலுக்கிவிட்டுக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான்.

சாந்தாமணி காலிப் பீப்பாயின் துவாரத்தில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். நிமிர்ந்து, மறுபடியும் குனிந்து இழுத்தாள். மூக்கு நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. பிறகு கோபாலசாமியைப் பார்த்தாள்.

"சொல்லுங்க."

"என்ன அம்மணி?"

"எப்புடி இருந்துச்சு? நல்லாருக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

ஒரே ஒரு பதிலை மட்டும் தெரிந்து வைத்திருந்த மனுஷன் வார்த்தையைத் தேடித் தவித்தார். "ரோஜாப்பூ காஞ்சு போனா வருமே, அது," என்றார்.

"அப்பறம்?"

"மிளகு. அப்பத்தான் நுணுக்குன மிளகு. டீத்தூள் டப்பாவைத் தொறந்த மாதிரி ஒண்ணு."

"பச்சை?"

அவர் தயங்கினார்.

"இருக்குது. கொத்தவரங்கா கொஞ்சம் இருக்குது, ஓரத்துல. முழுசாப் போகல."

அந்த ஒரு குறையைச் சொன்ன பிறகுதான் அவள் அவரை நம்பினாள். முகம் கோணிக்கொண்டு வந்தது. "இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா," என்று அவர் நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். வெளியே லாரி கிளம்பி, வளைவில் பிரேக் போட்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.